ஒரு கண்டிப்பு, ஒரு பிடி மணல்... ராஜாவுக்கே குருவான பேசாத சாமியார்! யார் இந்த சதாசிவ பிரம்மேந்திரர்?

கறம்பக்குடியிலிருந்து ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போனால், டவுனுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் திருவரங்குளம் வரும். சின்ன ஊர், பழைமையான பெரிய சிவன் கோயில். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே நம்மில் பலர் அந்த ஊரைக் கடந்து போயிருப்போம்.

அந்த ஹெட்செட்டில் ஓடுவது 'சங்கராபரணம்' படத்தின் 'மானஸ சஞ்சரரே' பாட்டாக இருந்தால், அது ஒரு சுவாரஸ்யமான தற்செயல். ஏன்னா, அந்தப் பாட்டை எழுதியவர் இந்தப் பக்கத்துக் காடுகளில் திரிந்தவர். உடம்பில் துணி கிடையாது, வாயில் பேச்சு கிடையாது. அவரைத் தேடி புதுக்கோட்டை ராஜாவே வந்தார். தனக்கு குருவாக இருக்கும்படி கேட்டார். அவர் தந்த பதில், மணலில் எழுதிய சில எழுத்துகள்.

அவர்தான் சதாசிவ பிரம்மேந்திரர். இந்து மதத்தில் குரு என்பவரின் வேலை என்ன, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரிந்துகொள்ள, இவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான கதை கிடைப்பது கஷ்டம்.

முதல்ல, குரு என்றால் யார்?

பள்ளிக்கூட வாத்தியாரையும் குரு என்கிறோம், பாட்டு டீச்சரையும் குரு என்கிறோம், மடாதிபதியையும் குரு என்கிறோம். பழைய நூல்கள் இதைப் பிரித்துத்தான் பார்த்தன. சம்பளம் வாங்கிக்கொண்டு வேதத்தின் ஒரு பகுதியைச் சொல்லித் தருபவர் உபாத்தியாயர். பூணூல் போட்டு, வேதம் முழுவதையும் கற்றுத் தருபவர் ஆச்சாரியர். இந்தப் பிரிவு மனுஸ்மிருதியிலேயே இருக்கிறது. அந்தக் கல்வி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பது இன்றுவரை தொடர்கிற தனி விவாதம்.

ஆன்மிக வழிகாட்டி என்ற பொருளில் குருவுக்கு முண்டக உபநிஷதம் இரண்டு தகுதிகளைச் சொல்கிறது. ஒன்று, அவருக்குச் சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, தெரிந்ததில் அவரே நிலைத்து நிற்க வேண்டும். படிப்பு மட்டும் இருந்து அனுபவம் இல்லாவிட்டாலும் போதாது. அனுபவம் இருந்து, அதை எடுத்துச் சொல்லத் தெரியாவிட்டாலும் போதாது.

சைவத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே சிவனே குருவாக வருகிறார். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தோடு வந்த மந்திரி மாணிக்கவாசகர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு வந்த வேலையையே மறந்தது அங்கேதான் என்பது மரபு.

ஆக, இந்த மண்ணுக்கு குரு கதை புதுசு இல்லை. சதாசிவர் கதையில் என்ன விசேஷம்னா, அவர் முதலில் சிஷ்யராக இருந்து குருவிடம் அடி வாங்குகிறார். பிறகு அவரே குருவாகி, தன்னைத் தேடி வந்தவரை வேறு பக்கம் அனுப்புகிறார். இரண்டு பக்கமும் ஒரே வாழ்க்கையில் தெரிகிறது.

வாயாடிப் பையன்

அவர் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும். பெற்றோர் வைத்த பெயர் சிவராமகிருஷ்ணன் என்பார்கள். படித்து வளர்ந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருவிசைநல்லூரில்.

திருவிசைநல்லூர் அன்றைக்குச் சாதாரண கிராமம் இல்லை. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜி, 1693இல் அந்த ஊரை 46 பண்டிதர்களுக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். ஊருக்கு சாகஜிராஜபுரம் என்றே பெயரும் வைத்தார். இன்றைய பாஷையில் சொன்னால், அரசாங்கம் நிலமும் வருமானமும் கொடுத்து நடத்திய ஆராய்ச்சி வளாகம் மாதிரி. இலக்கணம், தர்க்கம், வேதாந்தம், நாடகம் என்று தெருவுக்குத் தெரு அறிஞர்கள். ஸ்ரீதர ஐயாவாள் போன்ற பெரியவர்கள் வாழ்ந்த காலமும் இடமும் அதுதான்.

அந்த ஊரில் வாதம் செய்வது மரியாதைக்குரிய தொழில். எதிராளியின் கருத்தைத் துண்டு துண்டாக்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன். சிவராமகிருஷ்ணன் அதில் கில்லாடி.

அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி வயதுக்கு வந்த செய்தி கிடைத்து, வீட்டில் விசேஷம் ஏற்பாடாகிறது. படித்துவிட்டுப் பசியோடு வந்தவருக்குச் சாப்பாடு ரொம்ப நேரம் தாமதமாகிறது. குடும்ப வாழ்க்கை தொடங்கும் முன்பே வயிறு காய்கிறதே, தொடங்கிய பிறகு என்ன ஆகுமோ என்று யோசித்து, அப்படியே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கேட்கும்போது சிரிப்பு வரலாம். வீட்டுக்குள் காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆனது என்று மட்டும் எந்தக் கதையும் சொல்வதில்லை. துறவிகளின் வரலாறுகளில் இப்படி விடுபட்ட பக்கங்கள் நிறைய.

வாழ்க்கையை மாற்றிய ஒரே ஒரு கண்டிப்பு

வீட்டை விட்டு வந்தவர், பரமசிவேந்திர சரஸ்வதி என்ற சந்நியாசியை குருவாக அடைந்தார். பரமசிவேந்திரர் பெரிய படிப்பாளி. 'தஹரவித்யா பிரகாசிகை' என்ற வேதாந்த நூலை எழுதியவர். அவரிடம் சந்நியாசம் வாங்கியவருக்கு சதாசிவேந்திரர் என்று பெயர் வந்தது.

பெயர் மாறியது, வாய் மாறவில்லை. குருவைப் பார்க்க வந்த பண்டிதர்களை எல்லாம் சதாசிவர் வாதத்துக்கு இழுத்தார். ஜெயித்தார். தோற்றவர்கள் அவமானத்தோடு திரும்பிப் போனார்கள். இது மைசூர் அரண்மனையில் நடந்தது என்றும் ஒரு வடிவம் உண்டு. எல்லா வடிவங்களிலும் முடிவு ஒன்றுதான். புகார் குருவின் காதுக்குப் போகிறது. அவர் சிஷ்யனைக் கூப்பிட்டு, ஊரார் வாயை எல்லாம் அடைக்கத் தெரிந்த உனக்கு உன் வாயை அடக்க எப்போது தெரியும் என்ற பொருளில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

அவ்வளவுதான். சதாசிவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை என்கிறது மரபு.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் இருக்கு. அந்த குரு புதிதாக எந்த ரகசியமும் சொல்லவில்லை. சதாசிவருக்கு வேதாந்தம் ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தெரியும். அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அவருடைய சொந்தக் கர்வம். நம் முதுகை நம்மால் பார்க்க முடியாது, இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். புத்தகமும் யூடியூப் வீடியோவும் தகவல் தரும். நம்மையே பார்த்து, நம் குறை இன்னதென்று சொல்ல அவற்றால் முடியாது. குரு தேவை என்று மரபு வற்புறுத்துவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

குருவே பொறாமைப்பட்ட சிஷ்யன்

பேச்சு போன பிறகு துணியும் போனது. சதாசிவர் ஊர் ஊராக, காவிரிக் கரையோரமாக, காடு மேடாகத் திரிய ஆரம்பித்தார். எந்த விதிக்கும் கட்டுப்படாத இப்படிப்பட்ட துறவியை அவதூதர் என்பார்கள். சதாசிவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மற்ற சிஷ்யர்கள் குருவிடம் போய்ச் சொன்னார்களாம். குருவோ, அந்தப் பைத்தியம் தனக்குப் பிடிக்கவில்லையே என்று ஏங்கினாராம்.

குரு என்றால் எப்போதும் மேலே, சிஷ்யன் எப்போதும் கீழே என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை ஓர் ஆச்சரியம். சிஷ்யன் தன்னைத் தாண்டிப் போய்விட்டான் என்பதை அந்த குரு மறைக்கவில்லை. அதில் சந்தோஷமும் பட்டிருக்கிறார்.

சிஷ்யரும் குருவை மறக்கவில்லை. அவர் எழுதிய 'ஆத்ம வித்யா விலாசம்', ஆத்மாவை அறிந்தவர் எப்படித் திரிவார் என்று காட்டும் சின்ன நூல். அதிலும் பரமசிவேந்திரருக்கு வணக்கம் இருக்கிறது. பிரம்ம சூத்திரத்துக்கு விருத்தி, பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு 'யோக சுதாகரம்' என்ற உரை, இருபதுக்கும் மேற்பட்ட சம்ஸ்கிருதக் கீர்த்தனைகள் என்று அவர் விட்டுப்போனது கணிசம். கீர்த்தனைகளில் தன் பெயரைப் போடாமல், பரமஹம்ஸ என்ற முத்திரையை வைத்தார். கச்சேரி மேடைகளில் அவை இன்றும் ஒலிக்கின்றன.

தலையணை சொன்ன பாடம்

அவரைப் பற்றிய அற்புதக் கதைகள் ஏராளம். நவாபின் கூடாரத்துக்குள் நிர்வாணமாக நுழைந்தபோது கை வெட்டப்பட்டது, அதை உணராமலே நடந்து போனார், பிறகு கை ஒட்டிக்கொண்டது என்பது ஒன்று. கொடுமுடிப் பக்கம் ஆற்று மணலில் தியானத்தில் இருந்தவரை வெள்ளம் மூடியது, மாதங்கள் கழித்துத் தோண்டியபோது எழுந்து போனார் என்பது இன்னொன்று. தஞ்சைக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர் மாரியம்மனைப் புற்று மண்ணால் உருவாக்கியவர் அவர்தான் என்பதும் பரவலான நம்பிக்கை. இவற்றை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

அற்புதமே இல்லாத ஒரு கதை இருக்கு. அதுதான் நமக்கு முக்கியம்.

ஒருநாள் வயல் வரப்பில் தலை வைத்துப் படுத்திருந்தார். அந்த வழியாகப் போன பெண்கள், எல்லாவற்றையும் துறந்த சாமியாருக்கும் தலைக்கு அண்டக்கொடுக்க ஒன்று வேண்டியிருக்கிறதே என்று பேசிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர் வரப்பை விட்டு வெறும் தரையில் படுத்தார். திரும்பி வந்த அதே பெண்கள், யாரோ என்னவோ சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டு மாற்றிக்கொண்டாரே, இன்னும் இது போகவில்லையே என்றார்களாம்.

தஞ்சைச் சீமைப் பண்டிதர்களை எல்லாம் ஜெயித்தவருக்கு, வயலுக்குப் போகிற பெண்கள் அடுத்தடுத்த நாளில் இரண்டு பாடம் எடுத்துவிட்டார்கள். கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவனுக்கு யார் வேண்டுமானாலும் குருவாகலாம் என்பதை இந்தக் கதை சத்தமே இல்லாமல் சொல்கிறது.

1738: திருவரங்குளத்துக் காட்டில் ஒரு ராஜா

இப்போது பஸ் ஜன்னலில் பார்த்த திருவரங்குளத்துக்கு வருவோம்.

அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜய ரகுநாத ராய தொண்டைமான். 1730 முதல் 1769 வரை ஆட்சியில் இருந்தவர். கள்ளர் குலத்தில் வந்த தொண்டைமான் வம்சத்தின் இரண்டாவது அரசர். அது நிம்மதியான காலம் இல்லை. தஞ்சைப் படையின் தொல்லை ஒருபக்கம். மதுரை நாயக்கர் ஆட்சி 1736 வாக்கில் முடிந்து, திருச்சி சந்தா சாகிப் கைக்குப் போயிருந்தது. பெரிய சக்திகளுக்கு நடுவே சின்ன சமஸ்தானம். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் திருவரங்குளத்துக் காட்டுப் பகுதியில் ஓர் அவதூதர் திரிகிறார் என்ற செய்தி வருகிறது. ராஜா போய்ப் பார்க்கிறார். இது நடந்தது 1738 என்று சமஸ்தான வரலாறு சொல்கிறது.

தனக்கு உபதேசம் செய்ய வேண்டும் என்று கேட்கிறார் ராஜா. சதாசிவர்தான் பேசுவதில்லையே! மணலில் விரலால் தட்சிணாமூர்த்தி மந்திரத்தை எழுதிக் காட்டுகிறார். ராஜா அந்த மணலை அப்படியே தன் துணியில் அள்ளி முடிந்துகொண்டு அரண்மனைக்குக் கொண்டு போகிறார்.

ஏன் தட்சிணாமூர்த்தி? சிவனின் குரு வடிவம் அது. ஆலமரத்தடியில் தெற்கு நோக்கி உட்கார்ந்து, வயதான முனிவர்கள் நான்கு பேருக்கு வாய் திறக்காமலே பாடம் சொன்னவர். பேசாத சதாசிவர், பேசாத முதல் குருவின் மந்திரத்தைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

(இடையில் ஒரு சின்ன விளக்கம்: வியாழக்கிழமை கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு மஞ்சள் துணி சாத்தி, கொண்டைக்கடலை மாலை போடுகிறோம் இல்லையா? அது உண்மையில் நவகிரகத்தில் இருக்கும் வியாழனுக்கு, அதாவது தேவர்களின் குருவான பிரகஸ்பதிக்கு உரியது. தட்சிணாமூர்த்தி சிவன், பிரகஸ்பதி கிரகம். இரண்டு பேருக்கும் குரு என்ற பெயர் இருப்பதால் வழிபாடு கலந்துபோய்விட்டது.)

அவர் செய்யாமல் விட்டவை

இந்தச் சந்திப்பில் சதாசிவர் என்ன செய்தார் என்பதைவிட, என்ன செய்யவில்லை என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அவர் அரண்மனைக்கு வரவில்லை. ராஜகுரு பட்டம் வாங்கவில்லை. நிலம் வாங்கவில்லை. மடம் கட்டவில்லை. தன்னை அடிக்கடி வந்து பார்க்கச் சொல்லவில்லை. ஓர் அரசனைக் கைக்குள் வைத்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பைத் தொடக்கூட இல்லை.

அதோடு, இன்னொன்றும் செய்தார். மேற்கொண்டு கற்றுக்கொள்ள பிக்ஷாண்டார்கோயில் கோபாலகிருஷ்ண சாஸ்திரியை குருவாக வைத்துக்கொள்ளும்படி வழி காட்டினார். திருச்சிப் பக்கம் உத்தமர்கோயில் என்று நாம் சொல்லும் ஊர்தான் பிக்ஷாண்டார்கோயில். சாஸ்திரி திருவிசைநல்லூரில் சதாசிவரோடு சேர்ந்து படித்தவர், பெரிய இலக்கண அறிஞர், குடும்பஸ்தர்.

யோசித்துப் பாருங்கள். ஆட்சி நடத்துகிற ஒருவருக்கு தினமும் சந்தேகம் வரும். அதைக் கேட்டுப் பதில் சொல்ல ஊரில் இருக்கிற, பேசுகிற, நாலும் தெரிந்த ஆள் வேண்டும். காட்டில் திரிகிற மௌனியால் அது முடியாது. தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, முடியாததற்கு முடிந்தவரைக் காட்டினார் சதாசிவர். நல்ல டாக்டர் தன் துறை இல்லை என்றால் வேறு டாக்டருக்குக் கடிதம் எழுதித் தருவார் அல்லவா, அதுபோல.

மணல் என்ன ஆனது?

புதுக்கோட்டை பழைய அரண்மனை வளாகத்தில் உள்ள தட்சிணாமூர்த்தி கோயிலில் அந்த மணல் இன்றும் பாதுகாக்கப்பட்டு, வழிபடப்படுகிறது. யோகானந்தர் 1946இல் வெளியிட்ட 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலிலும், சதாசிவர் எழுதித் தந்த உபதேசத்தைப் புதுக்கோட்டை அரசர்கள் போற்றி வைத்திருப்பது பதிவாகியிருக்கிறது.

புதுக்கோட்டைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அம்மன் காசும் இந்தக் கதையோடு சேர்ந்தது. ஒருபக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்ற சொல். சின்னஞ்சிறு செப்புக்காசு. ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு மதிப்பு, அதாவது ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரி விழாவை விமரிசையாக நடத்துவதும், அப்போது அரிசியோடு இந்தக் காசைத் தானமாகக் கொடுப்பதும் சதாசிவர் தந்த உபதேசத்தின் தொடர்ச்சியாக வந்தவை என்று சமஸ்தான மரபு சொல்கிறது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜ்ஜியம் போய்விட்டது, காசு செல்லாக்காசாகிவிட்டது. மணல் மட்டும் இருக்கிறது.

நெரூரும் ஒரு நீதிமன்ற வழக்கும்

சதாசிவர் கடைசியாக வந்து சேர்ந்தது கரூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கும் நெரூர். குழி தோண்டச் சொல்லி, அதில் உட்கார்ந்து சமாதியானார் என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. வில்வ மரத்தடியில் இருக்கும் அந்த அதிஷ்டானத்துக்கு இன்றும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மானாமதுரையிலும் அவருடைய சமாதி இருப்பதாக நம்பிக்கை உண்டு. சிருங்கேரி பீடாதிபதியாக இருந்த சச்சிதானந்த சிவாபிநவ நரசிம்ம பாரதி நெரூருக்கு வந்து, அவரைப் போற்றி ஒரு துதியே எழுதினார்.

நெரூர் சமீப காலத்தில் செய்தியில் அடிபட்டது வேறு காரணத்துக்காக. ஆண்டு ஆராதனை நாளில் அன்னதானம் நடக்கும். சாப்பிட்டு முடித்த இலைகளின் மேல் பக்தர்கள் உருண்டு நேர்த்திக்கடன் செலுத்தும் வழக்கம் இருந்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. 2024 மே மாதம் தனி நீதிபதி ஒருவர் அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. மனித மாண்புக்கு எதிரானது என்பது ஒரு தரப்பு. விருப்பப்பட்டுச் செய்யும் வழிபாட்டில் மற்றவர் தலையிடக் கூடாது என்பது மறு தரப்பு.

குரு போன பிறகு, அவர் பெயரால் என்ன நடக்கலாம் என்பதை யார் முடிவு செய்வது? அவரா, பக்தர்களா, சட்டமா? சதாசிவரைக் கேட்டால் பதில் கிடைக்காது. உயிரோடு இருந்தபோதே அவர் பேசவில்லை.

குரு சொன்னால் எதையும் செய்யணுமா?

குருவே கடவுள், அவர் சொல் வேதவாக்கு என்பதைத்தான் நாம் அதிகம் கேள்விப்பட்டிருப்போம். அது மரபின் ஒரு பாதி. இன்னொரு பாதியும் அதே மரபில் இருக்கிறது.

மகாபாரதத்தில், அம்பையை மணந்துகொள்ளச் சொன்ன தன் குரு பரசுராமரை எதிர்த்துப் பீஷ்மர் போர் செய்கிறார். தர்மம் தவறும் குருவைத் தண்டிக்கலாம், விட்டும் விலகலாம் என்ற கருத்து அங்கேயே பேசப்படுகிறது. குருட்டு குருவைப் பிடித்தவன் அவரோடு சேர்ந்து குழியில் விழுவான் என்று எச்சரிக்கிறார் திருமூலர். திருக்கோஷ்டியூரில் பதினெட்டு முறை நடந்து போய்ப் பெற்ற மந்திரத்தை, ராமானுஜர் குருவின் கட்டளையை மீறி ஊருக்கே சொன்னார் என்பது வைணவர்கள் பெருமையோடு சொல்லும் வரலாறு. மீறிய சிஷ்யனைக் கடைசியில் அந்த குருவே கட்டித் தழுவினார்.

இந்தக் கதைகளில் எல்லாம் குருவுக்கு மரியாதை குறையவில்லை. சிஷ்யனுடைய புத்திக்கும் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு ஆப்பைத் திறந்தால் நூறு குரு. மாதச் சந்தா, வார இறுதி முகாம், ஆன்லைன் தீட்சை. எல்லாரும் போலி என்று சொல்ல முடியாது. எல்லாரும் அசல் என்றும் சொல்ல முடியாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியாமல் பணத்தையும் மன நிம்மதியையும், சில பேர் அதைவிடப் பெரியவற்றையும் இழந்திருக்கிறார்கள்.

சதாசிவர் வாழ்க்கையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இவர் என்னைப் புகழ்கிறாரா, இல்லை என் குறையை எனக்குக் காட்டுகிறாரா? நான் வளர்ந்து தன்னைத் தாண்டிப் போனால் இவர் சந்தோஷப்படுவாரா? என்னால் இவருக்கு ஆதாயம் இல்லை என்று தெரிந்தாலும், எனக்குப் பொருத்தமான இன்னொருவரிடம் என்னை அனுப்புவாரா?

பரமசிவேந்திரர் முதல் இரண்டு கேள்விகளிலும் பாஸ். அவருடைய சிஷ்யர் மூன்றாவதில் பாஸ்.

அடுத்த முறை ஆலங்குடி பஸ்ஸில் திருவரங்குளத்தைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் ஜன்னல் வழியாகப் பாருங்கள். அன்று இருந்த காடு இன்று இல்லை. ஆனா, ஒரு ராஜா குனிந்து மணல் அள்ளியது அந்தப் பக்கத்தில்தான். கொடுத்தவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனதும் அங்கிருந்துதான்.